மஞ்சள் வைத்த ஆறு எலிகள்

1. நண்டைப் புரட்டுகிற மாதிரி

முதல் நாள் என் கையில் ஒரு வெள்ளெலியைக் கொடுத்தார்கள். நான் அதை மல்லாக்கப் புரட்டி வயிற்றைப் பார்த்தேன். அதனால்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது.

என் பெயர் பச்சையம்மாள். காத்திவாக்கத்துக் குப்பத்தில் பிறந்தவள். கழிமுகத்தில் இறங்கி இறால் தடவுவதும், நண்டைப் பிரித்துக் கூடையில் போடுவதும்தான் எனக்குத் தெரிந்த தொழில். வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் மூட்டை சரிந்து இடுப்பு போய்விட்டது. அவர் வீட்டில் உட்கார்ந்து வலை முடிந்தார். நான் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்த ஒரு மருந்துக் கம்பெனிக்குக் கூட்டிப் பெருக்குகிற வேலை கேட்டுப் போனேன். வெள்ளைக்காரன் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்த நேரம்.

கம்பெனியின் பின்கட்டில் நீளமான ஒரு ஓட்டுக் கொட்டகை. போர்டில் இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது. எல்லோரும் அதை எலி வூடு என்றுதான் சொன்னார்கள். மருந்து செய்ததும் அது சரியாக இருக்கிறதா என்று முதலில் எலிக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். அந்த எலிகளை வளர்க்கிற இடம் அது. அதற்கு மேஸ்திரி கரீம் பாய், வண்ணாரப்பேட்டைக்காரர். வாயில் எப்போதும் வெற்றிலை இருக்கும்.

"இன்னாம்மா, எலின்னா பயமா?" என்றார்.

"எங்க வூட்ல எலிதான் எங்களப் பாத்து பயப்படும் பாய்."

பக்கத்தில் நின்றிருந்த டாக்டர் சிரித்தார். அவர் பெயர் வேதமணி. நோயாளியைப் பார்க்கிற டாக்டர் இல்லை. மூளைக்கும் நரம்புக்கும் போகிற மருந்துகளைப் பரீட்சை பண்ணுகிறவர். வெள்ளைக் கோட்டு, தேய்ந்த செருப்பு, சட்டைப் பையில் ஸ்டாப் வாட்ச். ஒரு எலியை வாலோடு பிடித்து என் கையில் வைத்தார். நான் புரட்டினேன்.

"பொட்ட," என்றேன்.

"எப்படிச் சொல்றே?"

"நண்டுக்கு வயித்துல ஒரு மூடி கீதுங்க சார். ஆணுன்னா ஒல்லியா இருக்கும், பொட்டைன்னா அகலமா இருக்கும். நண்டுக்கு அந்த எடம்னா எலிக்கு வேற எடம். எதுவா இருந்தாலும் மல்லாத்திப் பாத்தா தெரிஞ்சிடும்."

அவர் முந்தின நாள் பிறந்த குட்டிகளைக் கொண்டுவரச் சொன்னார். ரோமம் இல்லாமல் சிவப்பாக, விரல் நுனி அளவுக்கு இருந்தன. அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் அடியில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளிதான் வித்தியாசம். கரீம் பாய் ஒரே ஒரு தடவை காட்டினார். அதற்குப் பிறகு ஒரு கூடை குட்டியையும் நான் பிரித்து வைத்தேன். பாய் ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்த்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

2. தகர டிரம்

அந்த வேலையில் எனக்குப் பிடிக்காதது ஒன்று இருந்தது. குட்டிகள் மூன்று வாரத்தில் தாயை விட்டுப் பிரியும். ஆண் எல்லாம் வலது பக்க வரிசைக் கூண்டுக்குப் போகும். பெண்ணில் இனவிருத்திக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி இடது வரிசையில் விடுவோம். மீதியெல்லாம் பின்பக்கத்துத் தகர டிரம்முக்குப் போகும். உள்ளே குளோரோபாரம் நனைத்த பஞ்சு இருக்கும். மூடி போட்டால் முடிந்தது.

பரீட்சை ஆன பிறகு ஆண் எலியும் சாகத்தான் செய்யும். அது எனக்குத் தெரியும். மீன்காரிக்கு உயிர் போவது புதிதும் இல்லை. ஆனால் ஆண் எலி ஒரு வேலை செய்துவிட்டுச் சாகிறது. பெண் எலி ஒன்றுக்கும் ஆகாது என்று சாகிறது. அது என்னவோ என் மனசுக்கு ஒட்டவில்லை.

ஒரு நாள் டாக்டரிடமே கேட்டேன்.

"ஏன் சார், பொட்டைய ஒன்னுத்துக்கும் வெச்சிக்கறதில்ல?"

"பெண் எலி உடம்பு நாலு நாளைக்கு ஒரு சுற்று மாறிக்கிட்டே இருக்கும் பச்சையம்மா. இன்னைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி. மருந்தால மாறுச்சா, அதுவா மாறுச்சான்னு பிரிக்க முடியாது. அதனால எங்கேயும் ஆணைத்தான் வெச்சுப் பார்க்கிறது வழக்கம்."

வழக்கம் என்றால் அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? நான் கேட்கவில்லை.

மருந்துப் பிரிவில் ஏகாம்பரம் என்று ஒருவர் இருந்தார். மருந்துத்தூளை நிறுத்துக் கலக்குகிறவர். படித்தவர், சட்டை கசங்காது. எலி என்றால் மட்டும் ஆகாது. எங்கள் கொட்டகைக்குள் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டுதான் வருவார்.

"இன்னா நண்டுக்காரி, இது எலி நாத்தமா, உன் நாத்தமா?" என்பார்.

"உன் மூக்கத்தான் கேக்கணும் நைனா," என்பேன். வாயால் திருப்பிக் கொடுத்துவிட்டாலும் அந்தப் பேச்சு உள்ளே முள்ளாகக் குத்திக்கொண்டுதான் இருக்கும்.

3. சடங்கு

எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. கூண்டில் தொங்கும் அட்டையில் எழுதுவது கரீம் பாய்தான். நான் என் கணக்குக்கு ஏதாவது அடையாளம் வைத்துக்கொள்வேன்.

பெண் எலி பிறந்த நாற்பது நாள் சுமாருக்குப் பெரியவளாகும். அடியில் மூடியிருக்கிற வாசல் திறக்கும். அப்படி ஆனதைத்தான் இனவிருத்திக்குச் சேர்க்க வேண்டும். எது ஆனது, எது ஆகவில்லை என்று தினமும் பார்த்து நினைவு வைத்துக்கொள்ள வேண்டியது என் பொறுப்பு. நான் என்ன செய்தேன் என்றால், பெரியவளானதுக்குத் தலையில் ஒரு தீற்று மஞ்சள் வைத்தேன். நம் வீட்டுப் பெண்ணுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறோமே, அந்த மாதிரி. பொறுக்கி வைத்ததிலும் ஆகாதது டிரம்முக்குத்தான் போகும்; மஞ்சள் ஏறிவிட்டால் போகாது. அதிலும் எனக்கு ஒரு திருப்தி.

கரீம் பாய் ஒரு தடவை பார்த்துவிட்டார்.

"இன்னா தங்கச்சி, எலிக்கு சடங்கு சுத்திக்கினு கீற? புட்டு எங்க, களி எங்க?"

"சீர் கொண்டாரது தாய்மாமன்தான? நீதான் பாய் எடுத்தாரணும்."

அவர் மடியிலிருந்து நாலு பொட்டுக்கடலையை எடுத்துக் கூண்டுக்குள் போட்டார். "இந்தா, மாமன் சீரு. நாளைக்கு சீர் பத்தலைன்னு ஊர்ல பேசாதீங்கம்மா," என்று எலிகளைப் பார்த்துச் சொன்னார்.

சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். அங்கேதான் இரண்டு பேரும் தப்பு செய்தோம். ஏனென்றால் எலி வூட்டில் மஞ்சள் தலைக்கு ஏற்கெனவே ஓர் அர்த்தம் இருந்தது. பரீட்சைக்குப் போகிற ஆண் எலிகளுக்குப் பாய் பிக்ரிக் என்கிற சாயத்தைத் தலையில் தடவி அனுப்புவார். அதுவும் மஞ்சள்தான். வெள்ளை ரோமத்தில் ஏறிவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆண் வலது வரிசை, பெண் இடது வரிசை, எங்கே குழம்பப் போகிறது என்று இருந்துவிட்டோம்.

4. வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை கூண்டு கழுவுகிற நாள். எல்லாக் கூண்டும் வராந்தாவுக்கு வந்துவிடும். அட்டைகளைக் கழற்றிக் கொடியில் மாட்டிக் காயவைப்போம். அன்றைக்கு வலதும் கிடையாது, இடதும் கிடையாது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் நான் ஆறு எலிகளுக்கு மஞ்சள் வைத்தேன்; முந்தி வைத்ததெல்லாம் அதற்குள் உதிர்ந்து வெளுத்திருந்தது. பரீட்சைக்குப் பன்னிரண்டு எலி வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பாய் ஆறுக்குச் சாயம் தடவிவிட்டு, தொழுதுவிட்டு வந்து மீதி ஆறைப் பார்க்கிறேன் என்று ஜும்மாவுக்குப் போனார். நான் குழாயடியில் தட்டு தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் ஏகாம்பரம் ஓடிவந்திருக்கிறார். வலிப்புக்காரர்களுக்குக் கொடுக்கிற தூக்க மருந்து ஒரு பேட்ச் தயாராகிப் பெட்டியில் கட்டியிருந்தது. மறுநாள் சாயங்காலம் ரங்கூன் கப்பலில் ஏற வேண்டும். பரீட்சை முடியாமல் கம்பெனியை விட்டு வெளியே போகாது. அதனால் காத்திருக்காமல் அவரே எலி எடுக்க வந்துவிட்டார். நீளக் கிடுக்கியால், முகத்தைத் திருப்பிக்கொண்டு, மஞ்சள் தலையாகப் பார்த்துப் பன்னிரண்டை எடுத்தார். கணக்கும் சரியாகப் பன்னிரண்டே இருந்தது. அவர் மேல் என்ன குற்றம் சொல்ல முடியும்?

அந்தப் பரீட்சை இப்படி நடக்கும். எலியைத் துண்டில் சுருட்டி, வயிற்றில் ஊசி போடுகிற இடம் மட்டும் தெரியும்படி பிடிப்பார்கள். டாக்டர் மருந்தை ஏற்றுவார். தூங்கினதும் மரத்தொட்டியில் மல்லாக்கப் படுக்கவைத்து, குளிர் ஏறாமல் இருக்க ஃபிளானல் துணியைக் கழுத்து வரை போர்த்துவார்கள். தலை மட்டும் வரிசையாகத் தெரியும். தூக்கம் தெளிந்ததும் எலி தானாகப் புரண்டு எழுந்துவிடும். படுத்ததிலிருந்து புரண்டது வரை எவ்வளவு நேரம் என்று ஸ்டாப் வாட்ச் வைத்துக் குறித்துக்கொள்வார்கள். நடுவில் யாரும் துணியைத் தூக்கக் கூடாது. குளிர் பட்டால் கணக்குக் கெட்டுவிடும்.

எழுந்த எலிகளைக் கூண்டுக்குக் கொண்டுபோக என்னைப் பரீட்சை நடக்கிற மாடிக்குக் கூப்பிட்டார்கள். கதவுக்கு வெளியேயே டாக்டர் குரல் கேட்டது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஆறு எலி அரை மணியில எழுந்தாச்சு. ஆறு எலி ஒன்றரை மணி ஆச்சு, இன்னும் அசையலை. ஒரே புட்டி, ஒரே அளவு. கலக்கும்போது தூங்கிட்டீங்களா ஏகாம்பரம்? மேல ஒரு மாதிரியும் அடியில ஒரு மாதிரியும் மருந்து நிக்குது!"

"சாமி சத்தியமா ஒழுங்கா நிறுத்துத்தான் சார் போட்டேன்."

"இதை ஒரு வலிப்புக்காரன் வாயில போட முடியுமா? பேட்ச் மொத்தத்தையும் சாக்கடையில கொட்டச் சொல்லப் போறேன். நாளையிலேருந்து நீங்களும் வர வேண்டாம்."

நான் உள்ளே போய்த் தொட்டியைப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்த ஆறும் என் பெண்கள். மூக்கில் கீறல் உள்ளது ஒன்று, காது மடங்கினது ஒன்று. முகம் பார்த்தே தெரிந்துவிட்டது. டாக்டருக்கு எல்லா எலியும் ஒரே எலி. எனக்கு அப்படி இல்லை.

எழுந்த ஆறு எலியைக் கூண்டில் எடுத்துக்கொண்டு படியில் இறங்கினேன். அடுத்த மாதம் என்னை பர்மனென்ட் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். எலிக்கு யாரையும் கேட்காமல் மஞ்சள் பூசினேன் என்று சொன்னால் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வேலை போகிறவர் யார்? என்னை நண்டுக்காரி என்று மூக்கைப் பொத்தினவர்.

கரீம் பாய் தொப்பியும் கையுமாக எதிரே வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"சொன்னா உன் வேலை பூடும். சொல்லாங்காட்டி அவன் வேலை பூடும்," என்றார்.

"நீ இன்னா பாய் சொல்ற?"

"நான் இப்பத்தான் தொயுதுட்டு வரேன் தங்கச்சி. என்னாண்ட போயி வேற இன்னா பதில் எதிர்பாக்கற?"

நான் கையை நீட்டினேன். "உன் வெத்தலப் பொட்டிய குடு."

"இப்பவா வெத்தல?"

"வெத்தல வாணாம். சுண்ணாம்பு வேணும்."

5. சுண்ணாம்பு

ஒரு கிண்ணம் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். பின்னாலேயே எழுந்த ஆறு எலியின் கூண்டைத் தூக்கிக்கொண்டு பாயும் வந்தார். தொட்டிக்குப் பக்கத்தில் நான் குனிந்ததும் டாக்டர் பதறினார்.

"ஏய், துணியைத் தூக்காதே!"

"தூக்கல சார். தலையத்தான் தொடப் போறேன்."

விரல் நுனியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் நனைத்து, காது மடங்கினவளின் தலையில், கண்ணில் படாமல், மெல்லத் தொட்டேன். மஞ்சள் குங்குமச் சிவப்பாக மாறியது. அடுத்ததைத் தொட்டேன். அதுவும் சிவப்பு. ஆறும் சிவந்தன. பிறகு கூண்டில் இருந்த ஆறையும் தொட்டுக் காட்டினேன். அவற்றின் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

டாக்டர் குனிந்து பார்த்தார். "ஆரத்தி மாதிரி இருக்கு," என்றார். "இது மஞ்சளா?"

"ஆமாங்க சார். முழிச்ச ஆறுக்கும் பாய் போட்ட சாயம். தூங்கற ஆறுக்கும் நான் வெச்ச மஞ்சள். இதுங்கள்லாம் பொட்ட. ஏகாம்பரம் சாரு மேல தப்பு இல்ல. மருந்து மேலயும் தப்பு இல்ல."

"எலிக்கு எதுக்கும்மா மஞ்சள்?"

நான் பாயைப் பார்த்தேன். கரீம் பாய்தான் பதில் சொன்னார். "வயசுக்கு வந்துச்சி சார்."

ஏகாம்பரம் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு அழுகையாகப் போய், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். டாக்டர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அவர் முதலில் சொன்ன வார்த்தை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"வாட்சை நிறுத்தாதீங்க."

வேறொருவராக இருந்தால் என்னைத் திட்டியிருப்பார். இல்லை, பெண் எலி கலந்துவிட்டது, இந்தக் கணக்கைக் கிழித்துப் போடு என்றிருப்பார். அந்த மனுஷன் ஆறு எலியும் புரளும் வரை நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் நேரம் எழுதினார். எழுதி முடித்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"பன்னெண்டு எலிக்கும் நான்தான் ஊசி போட்டேன். வயிறு என் கண்ணு முன்னால இருந்துச்சு. நான் பார்க்கவே இல்லை. ஆண்தான்னு முடிவு பண்ணிட்டு வந்தவன் எதுக்குப் பார்க்கணும்?"

மறுநாள் காலையில் மறுபடி பரீட்சை. இந்தத் தடவை நானே மல்லாத்திப் பார்த்து ஆறு ஆண், ஆறு பெண் கொடுத்தேன். புது பேட்ச் மருந்து கொஞ்சம் எலிக்கு, போன மாதத்து நல்ல பேட்ச் கொஞ்சம் எலிக்கு என்று டாக்டர் பிரித்துக் கொடுத்தார். எந்தப் புட்டியாக இருந்தாலும் ஆண்கள் அரை மணி சுமாரில் எழுந்தன. பெண்கள் அதைவிட வெகுநேரம் கழித்துத்தான் எழுந்தன. மருந்தில் கோளாறு இல்லை என்று ஆகிவிட்டது. பெட்டிகள் துறைமுகத்துக்குப் போயின. ஏகாம்பரம் வேலையில் நின்றார்.

சந்தோஷத்தில் அவர் டாக்டரிடம் சொன்னார். "அப்போ பொம்பளை மூளைக்குத் தாங்குற சக்தி கம்மி, அவ்வளவுதானே சார்?"

"அப்படி எங்கே எழுதியிருக்கு? ஆம்பளை எலிக்கு மருந்து பிடிக்கலைன்னும் இதே கணக்கைச் சொல்லலாமே? மூளை வேறயா, இல்ல ஈரல் மருந்தைக் கரைக்கிற வேகம் வேறயா, நமக்குத் தெரியாது. தெரியாதுன்னு எழுதுங்க." பிறகு, யாரிடம் என்று இல்லாமல் சொன்னார். "இத்தனை வருஷமா பாதி எலியை டிரம்முல போட்டுட்டு, மீதியைப் பார்த்து, எலி இவ்வளவு நேரம் தூங்கும்னு எழுதியிருக்கேன். நான் எழுதினது எலியைப் பத்தி இல்லை. ஆண் எலியைப் பத்தி."

தன் மேலேயே குற்றம் சொல்கிற பெரிய மனிதர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கூலிக்காரி நிற்கிறாள், மேஸ்திரி நிற்கிறார் என்று அவர் பார்க்கவில்லை.

6. அட்டையில் எழுதத் தெரியணும்

எனக்குத் தண்டனை இல்லாமல் போகவில்லை. திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"நீ வந்து சொன்னது பெரிய காரியம். ஆனா அட்டையில இல்லாத அடையாளத்தை எலி மேல வெச்சது தப்பு. நீ சொல்லாம விட்டிருந்தா ஒரு ஆளோட பொழைப்பும் ஒரு கப்பல் மருந்தும் போயிருக்கும். அட்டையில எழுதக் கத்துக்கிற வரைக்கும் உன்னை பர்மனென்ட் பண்ண மாட்டேன்."

"எனக்கு எய்த்து வராதுங்க சார்."

"ஒரு நாள் குட்டியில ஆண் பெண் பார்க்கிற கண்ணுக்கு, எழுத்து வராதா?"

யார் சொல்லிக் கொடுப்பது? மறுநாள் சாப்பாட்டு வேளையில் ஏகாம்பரம் சிலேட்டோடு கொட்டகை வாசலில் நின்றார். மூக்கில் கைக்குட்டை இல்லை.

"ஆண்னா 'ஆ' போடு. பெண்ணுக்கு 'பெ'. இந்தக் கொம்பை முன்னால போடணும். நண்டுக் கொடுக்கு மாதிரி நினைச்சுக்கோ, நண்டுக்காரி."

"இன்னும் நண்டுக்காரிதானா நைனா?"

"வாத்தியாருக்கு அந்த உரிமை கூட இல்லையா?"

நான் கற்றுக்கொண்ட எழுத்துகள் அந்த வரிசையில்தான் வந்தன. முதலில் ஆ, பிறகு பெ, பிறகு ஒன்பது எண்கள், பிறகு மருந்து, நேரம், கடைசியில் என் பெயர். அகர வரிசை எனக்கு இன்றைக்கும் ஒழுங்காகத் தெரியாது. ஐந்து மாதம் கழித்து நான் எழுதிய அட்டையை டாக்டர் பார்த்துவிட்டு பர்மனென்ட் தாளில் கையெழுத்துப் போட்டார். அதில் என் கையெழுத்தும் இருக்கிறது. கைநாட்டு இல்லை.

7. மீன் செதில்

முதலாளி, இன்னொரு வரிசை எலி எதற்கு, இத்தனை நாள் ஒன்றும் குறைந்துபோகவில்லையே என்றாராம். டாக்டர், குறைந்ததா என்று நாம் பார்க்கவே இல்லையே என்றாராம். கடைசியில் மூளைக்கும் நரம்புக்கும் போகிற மருந்து எதுவாக இருந்தாலும் ஆறு ஆண், ஆறு பெண் என்று ரிஜிஸ்டரில் இரண்டு பத்தி வந்தது.

நாலு நாள் சுற்று என்று பயந்தார்களே, அதையும் டாக்டர் விடவில்லை. பெண் எலியின் அடியிலிருந்து ஒரு சொட்டு நீரெடுத்து, கண்ணாடி ஸ்லைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அன்றைக்கு எந்த நாள் என்று தெரியும். அதை எனக்கே சொல்லிக் கொடுத்தார். ஒரு நாள் உருண்டை உருண்டையாகத் தெரியும். ஒரு நாள் மீன் செதிலைக் கொட்டி வைத்த மாதிரி தெரியும். செதிலைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த கண் இது. தப்புமா?

நாங்கள் பல மாதம் எழுதினோம். முதல் நாள் எலி, இரண்டாம் நாள் எலி என்று பிரித்து எழுதினோம். டாக்டர் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு எங்கள் கொட்டகைக்கே இறங்கி வந்தார்.

"பச்சையம்மா, பெண் எலி ஒண்ணும் நான் பயந்த அளவுக்குத் தாறுமாறா இல்லை. ஆண்லதான் சிலது ஒரு நாள் சீக்கிரம் எழுந்துடுது, ஒரு நாள் எழ மாட்டேங்குது. ஏன்னு தெரியலை."

"சண்ட போட்டிருக்கும் சார்," என்றேன்.

"என்ன?"

"ஆம்பள எலி ஒரு கூண்டுல அஞ்சு கீதுன்னா ஒன்னு ரௌடியா இருக்கும், ஒன்னு அடி வாங்கிக்கினே இருக்கும். கடி வாங்கினது மறுநா ஒரு மாதிரியாத்தான் கீது. எவ்ளோ நாளா பாக்கறேன்."

"இதை ஏன் யாருமே சொல்லலை?"

"யாரும் கேக்கலையே சார்."

அவர் பாயைப் பார்த்தார். பாய் வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, "ஆம்பளைன்னா மாறவே மாட்டான்னு புஸ்தகத்துல எய்திகீதா சார்?" என்றார். அன்றைக்குத்தான் டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் நாத்தனாருக்கு வலிப்பு உண்டு. பெரியாஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுவாள். மீன் கூடைக்கு முன்னால் உட்கார்ந்தபடி தூங்கி விழுவாள். சோம்பேறி, வியாபாரத்துக்கு லாயக்கு இல்லாதவள் என்று எல்லோரும் ஏசுவோம். நானும் ஏசியிருக்கிறேன். அந்த ஆறு எலி தொட்டியில் தூங்கியதைப் பார்த்த போது எனக்கு அவள் முகம்தான் வந்தது. டாக்டரிடம் சொன்னேன்.

"எலிக்கு இருக்கிறது மனுஷிக்கும் இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன்," என்றார். "ஆனா அவளைப் பார்த்துக் கேட்கச் சொல்ல முடியும்." அவளுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டருக்கு ஒரு கடுதாசி கொடுத்தனுப்பினார். அவர் அவளை எடை பார்த்து, எவ்வளவு நேரம் தூங்குகிறாய், எப்போது தலை சுற்றுகிறது என்று முதல் தடவையாகக் கேட்டு, மாத்திரையைக் கொஞ்சம் குறைத்தார். வலிப்பும் வரவில்லை, கூடைமேல் விழுவதும் நின்றது. அது எலியால் வந்ததா, கேட்டதால் வந்ததா? என்னைக் கேட்டால், கேட்டதால்.

இதைப் படிக்கிற பிள்ளைகள் பெரிய படிப்புப் படித்திருப்பீர்கள். நான் நாற்பது எழுத்துக்காரி. ஆனால் ஒன்று சொல்வேன். எந்தக் கணக்கைக் கையில் எடுத்தாலும், இதில் யாரைச் சேர்க்காமல் விட்டோம் என்று முதலில் பாருங்கள். விட்டதற்கு என்ன காரணம் சொன்னார்கள் என்று அடுத்துப் பாருங்கள். அந்தக் காரணத்தை யாராவது சோதித்தார்களா என்று கடைசியில் பாருங்கள். தெரியாது என்றால் தெரியாது என்று எழுதுங்கள். இது வேதமணி டாக்டரிடம் கற்றது.

மைக்ராஸ்கோப் மேஜை உயரம். நான் குள்ளம். முதல் நாள் எட்டவில்லை. உட்கார ஏதாவது இருக்கிறதா என்று டாக்டர் சுற்றிப் பார்த்தார். கரீம் பாய் பின்பக்கம் போய், பெண் எலிகளும் பரீட்சைக்குப் போகத் தொடங்கியதிலிருந்து சும்மா கிடந்த அந்தத் தகர டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார். நன்றாகக் கழுவி, கவிழ்த்துப் போட்டு, மேலே ஒரு சாக்கை மடித்து வைத்தார்.

"குந்து தங்கச்சி," என்றார்.

ரிட்டையர் ஆகிற வரைக்கும் அதன் மேல்தான் உட்கார்ந்து வேலை பார்த்தேன்.